அக்காவுக்கு 22, அடுத்த தெரு அம்மாவுக்கு 11

கேள்வி: என் அக்காவுக்கு வயது 44. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போய், 4 வருடங்களுக்கு முன் அயோர்ட்டிக் வால்வை மாற்றினோம். நம் நாட்டில் தயாரான சித்ரா வால்வு, 21 அளவு. ஆபரேஷன் முடிந்து இரண்டாவது மாதம் எடுத்த எக்கோவில் ‘மீன் கிரேடியன்ட்’ 16 என்று இருந்தது. போன வாரம் எடுத்ததில் 22. பயந்துபோய், வால்வு மாற்றிக்கொண்டவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேரிடம் ரிப்போர்ட் வாங்கி ஓர் அட்டவணை போட்டேன். எங்கள் அடுத்த தெருவில் இருக்கும் அம்மாவுக்கு 11. இன்னொருவருக்கு 4. காலில் உள்ள ரத்தக்குழாய் வழியாக வால்வு வைத்துக்கொண்ட 76 வயதுப் பெரியவருக்கு 8. மூவருக்கும் வெளிநாட்டு வால்வு. செலவைப் பார்த்து மட்டமான வால்வைப் போட்டுவிட்டோமா? திரும்பவும் மாற்ற வேண்டியிருக்குமா? அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் என்று கேட்கிறது. அக்காவுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாள். நான்கு பேரின் ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன்.
– கும்பகோணம் வாசகர்

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பியதை வைத்துப் பார்த்தால், அக்காவின் வால்வு கெட்டுவிட்டது என்பதற்கு எந்த அடையாளமும் எனக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்குவதற்கு வேறு காரணம் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். அதை உடனே பார்க்க வேண்டும். அதற்கு முன் உங்கள் அட்டவணையைப் பிரித்துப் போட வேண்டியிருக்கிறது.

‘மீன் கிரேடியன்ட்’ என்றால் சராசரி அழுத்த வித்தியாசம். நம் ஊர் மீனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எக்கோ அறையில் வாரம் ஒருவருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது. வால்வுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு அழுத்தம், அந்தப் பக்கம் எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தொலைந்தது என்பதுதான் அந்த எண். பி.பி. பார்க்கிற அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு. எதுவும் தொலையாவிட்டால் பூஜ்யம். ஆனால் மனிதன் செய்த எந்த வால்விலும் பூஜ்யம் வராது.

எக்கோ கருவி இந்த அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது அளப்பது வேகத்தை. நெஞ்சில் ஜெல் தடவி, டாப்ளரைப் போட்டதும் ‘ஹுஷ்… ஹுஷ்…’ என்று கேட்கிறதே, அது ரத்தம் பாயும் வேகத்தின் ஓசை. அந்த வேகத்தை வர்க்கப்படுத்தி 4-ஆல் பெருக்கினால் அழுத்த வித்தியாசம் கிடைக்கும். அக்காவின் இப்போதைய உச்ச வேகம் நொடிக்கு 3.1 மீட்டர். அதன் வர்க்கம் 9.6, 4-ஆல் பெருக்கினால் 38. இது உச்ச கணம். ரத்தம் வால்வு வழியாக வெளியேறும் நேரம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் 22. வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். வேகம் கொஞ்சம் ஏறினாலே இந்த எண் தாவிவிடும். இரண்டாவது மாத ரிப்போர்ட்டில் வேகம் 2.6. அரை மீட்டர்தான் கூடியிருக்கிறது. உச்ச எண்ணோ 27-லிருந்து 38 ஆகிவிட்டது.

சரி, உங்கள் அட்டவணைக்கு வருவோம்.

4 என்று போட்டிருக்கிறீர்களே, அவருடையது மைட்ரல் வால்வு. ரிப்போர்ட்டின் மூன்றாவது வரியில் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. மைட்ரல் வால்வு இதயம் விரியும்போது, குறைந்த அழுத்தத்தில், மெதுவாக ரத்தத்தை உள்ளே விடும் வாசல். அங்கே 5 வரை சாதாரணம். 10-ஐத் தாண்டினால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். அயோர்ட்டிக் வால்வு இதயம் சுருங்கும்போது உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளிவிடும் வாசல். இரண்டின் எண்களையும் ஒரே பத்தியில் போடுவது, நெல் மூட்டையையும் பஞ்சு மூட்டையையும் உயரம் பார்த்து எடை சொல்வது போல. அந்த வரிசையை அடித்துவிடுங்கள்.

பெரியவருடையது டாவி முறையில், அதாவது நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாக வைத்த டிஷ்யூ வால்வு; இதழ்கள் விலங்குத் திசுவால் ஆனவை. அவருக்குப் பொருத்தியிருப்பது, இதழ்கள் வால்வு வளையத்துக்குச் சற்று மேலே உட்காரும் வகை. இயல்பான வளையம் எவ்வளவு குறுகலாக இருந்தாலும், இதழ்கள் அதற்கு மேலே அகலமான இடத்தில் திறப்பதால் நெரிசல் குறைகிறது. அதனால் எண் நன்றாகத்தான் வரும். ஆனால் டிஷ்யூ வால்வு காலப்போக்கில் தடித்துத் தேயும். வயது குறைவாக இருந்தால் சீக்கிரம் தேயும். ஆபரேஷன் நடந்தபோது 40 வயதாக இருந்த உங்கள் அக்காவுக்கு மெட்டல் வால்வைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. இந்த வரிசையையும் அடித்துவிடலாம்.

மிச்சம் இருப்பது அடுத்த தெரு அம்மா. இவருடையதும் அயோர்ட்டிக், இவருடையதும் மெட்டல் வால்வு. அப்படியானால் ஒப்பிடலாம்தானே? கொஞ்சம் பொறுங்கள்.

அவருடைய வால்வு 23 அளவு, அக்காவுடையது 21. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அந்த இரண்டு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 20 சதவீதம் இடம் கூடிவிடுகிறது. அதைவிட ஒரு தொல்லை: பெட்டியில் 21 என்று எழுதியிருப்பது, ரத்தம் போகும் துவாரத்தின் விட்டம் அல்ல. வால்வின் சட்டகம், தையல் போடுகிற துணி வளையம் எல்லாம் அதில் இடம் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி அளவு போடுகிறது. செருப்புக் கடையில் ஒரு கம்பெனியின் 7 நம்பர் சரியாக இருக்கும், இன்னொரு கம்பெனியின் 7 கடிக்குமே, அதே கதை.

இன்னொரு பக்கம் ஆளின் உடம்பு. அந்த அம்மாவின் உயரம் 150 செ.மீ., எடை 48 கிலோ. உடல் மேற்பரப்பு ஏறத்தாழ 1.41 சதுர மீட்டர். அக்காவுக்கு 158 செ.மீ., 71 கிலோ; மேற்பரப்பு 1.77. பெரிய உடம்புக்கு நிமிடத்துக்கு அதிக ரத்தம் வேண்டும். அது முழுக்க அந்த ஒரு வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

உங்களுக்குத் தெரியாததா? கும்பேஸ்வரர் கோயில் வாசல் சாதாரண செவ்வாய்க்கிழமையில் எவ்வளவு அகலமோ, மாசி மகத்தன்றும் அவ்வளவேதான். நெரிசலைப் பார்த்து, வாசல் சின்னதாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

வாசலையும் கூட்டத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. மும்பையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் ஷாபுதீன் ரஹிம்தூலா 1978-இல் இதை எழுதினார். வால்வு நன்றாகவே வேலை செய்தாலும், அந்த உடம்புக்கு அது சிறியதாக இருந்தால் அதுவும் ஒரு நெருக்கடிதான் என்றார். வால்வு திறக்கும் பயனுள்ள பரப்பை உடல் மேற்பரப்பால் வகுக்க வேண்டும். அயோர்ட்டிக் வால்வில் 0.85-க்கு மேல் வந்தால் கவலை இல்லை. 0.65-க்கும் 0.85-க்கும் நடுவில் என்றால் மிதமான பொருத்தமின்மை. 0.65-ம் அதற்குக் கீழும் கடுமையானது. நல்ல பருமன் உள்ளவர்களுக்கு இந்த எல்லைகள் இன்னும் கொஞ்சம் கீழே போகும்.

அக்காவின் வால்வு திறக்கும் பரப்பு 1.3 சதுர செ.மீ. 1.77-ஆல் வகுத்தால் 0.73. மிதமான பொருத்தமின்மை. அதே வால்வை, அதே 1.3-ஐ, அடுத்த தெரு அம்மாவுக்கு வைத்திருந்தால் 0.92 வந்திருக்கும், ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருப்பார்கள். ஆபரேஷன் சமயத்தில் அக்காவின் எடை 62 கிலோ என்று பழைய ரிப்போர்ட் சொல்கிறது. ஒன்பது கிலோ கூடியிருக்கிறது. உடம்போடு சேர்ந்து வால்வு வளராது. இதை அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் சண்டை வரும்.

ஆக, 22-க்கும் 11-க்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் அளவு, உடம்பு, வால்வின் வடிவம், அன்று ஓடிய ரத்தத்தின் அளவு எல்லாம் கலந்திருக்கின்றன. கம்பெனியின் தரத்தை அதிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

அப்படியானால் வால்வுகளை ஒப்பிடவே முடியாதா என்றால், முடியும். சோதனைக்கூடத்தில் செயற்கை இதயம் போல ஒரு பம்பை வைத்து, உப்பு நீரையோ கிளிசரின் கலந்த நீரையோ ஒரே அளவில் எல்லா வால்விலும் ஓடவிட்டு அளப்பார்கள். சுத்தமான ஒப்பீடு. ஆனால் உயிருள்ள இதயத்தில் சுண்ணாம்பு படிந்த வளையமும் தடித்த தசையும் சாய்ந்த பாதையும் உண்டு. அதனால் நோயாளிகளிடம், ஒரே மாதிரியான ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். 2024-இல் வெளியான ‘ஸ்மார்ட்’ ஆய்வு அப்படிப்பட்டது. வால்வு வளையம் சிறியதாக உள்ள 716 பேர், பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்கிற அளவு. இரண்டு வகை டாவி வால்வுகள். ஒரு வருடம் கழித்து ஒரு வகையில் சராசரி கிரேடியன்ட் 7.7, மற்றதில் 15.7. இரண்டு மடங்கு. ஆனால் அந்த ஒரு வருடத்தில் மரணம், முடக்கும் பக்கவாதம், இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரி சேர்க்கை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 9.4 சதவீதமும் 10.6 சதவீதமும். ஏறத்தாழ சமம். நீண்ட காலத்தில் அந்த எண் வித்தியாசம் ஆளுக்கு என்ன செய்யும் என்பதற்காகத்தான் இன்னும் பின்தொடர்கிறார்கள். என்னைக் கேட்டால், குறைந்த எண்ணுக்கு நான் எதிரியல்ல; ஆனால் எண்ணை மட்டும் காட்டி வால்வு விற்க வருபவரிடம் இரண்டாவது கேள்வி கேட்பேன்.

உங்கள் மனதைக் குடைவது ‘மட்டமான வால்வு’ என்ற சந்தேகம்தானே. சித்ரா வால்வு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவானது. முதல் மாதிரிகள் சோதனையில் தோற்று, நான்காவது மாதிரிதான் தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதன் பிறகு ஒரு லட்சம் பேருக்கு மேல் வைத்தாகிவிட்டது. அதன் கூடு கோபால்ட் குரோமியம் கலந்த உலோகம். நடுவில் சாய்ந்து திறக்கும் தட்டு மட்டும் ஒருவகைக் கெட்டி பிளாஸ்டிக். அக்காவிடம் டிக் டிக் சத்தம் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். அந்த அம்மாவுடையது கடினமான கார்பனில் செய்த இரண்டு அரைவட்டக் கதவுகள்; கார்பன் கார்பனில் தட்டினால் ராத்திரி அமைதியில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். நோயாளிகளிடம் டாப்ளரில் அளந்து பார்த்தபோது, சித்ராவின் எண்கள் அதே மாதிரி சாய்தட்டு வால்வுகளின் எண்களுக்குப் பக்கத்திலேயே வந்திருக்கின்றன. விலை குறைவு என்பதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இன்னொரு விஷயம். இரண்டு கதவு வால்வில் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கும். டாப்ளர் கதிர் அந்தச் சந்தில் விழுந்தால் அங்குள்ள அதிக வேகத்தைப் பிடித்துக்கொண்டு உண்மையைவிடக் கூடுதலாகச் சொல்லிவிடும். தொலைந்ததாகச் சொன்ன அழுத்தத்தில் ஒரு பகுதி கொஞ்ச தூரம் தள்ளித் திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆகவே இரண்டு வெவ்வேறு வடிவ வால்வுகளின் எக்கோ எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எங்களுக்கே ஆபத்தான வேலை.

அக்காவின் 22-ஐ ஒப்பிட வேண்டியது அக்காவின் 16-உடன்தான். வால்வு மாற்றிய ஒன்றிரண்டு மாதத்தில் எடுக்கும் எக்கோ அந்த வால்வின் ஜாதகம் மாதிரி. அதைத் தொலைக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் பழைய பையைத் துழாவி மின்சாரக் கட்டண ரசீதை எடுத்துக் கொடுப்பார்கள்.

16 ஏன் 22 ஆனது? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வாசல் சுருங்கியிருக்க வேண்டும்: வால்வில் ரத்தக்கட்டி பிடித்திருக்கலாம், அல்லது தழும்புச் சதை மெல்ல உள்ளே வளர்ந்திருக்கலாம். இன்னொன்று, கூட்டம் கூடியிருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க ரிப்போர்ட்டிலேயே ஒரு எண் இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை. டி.வி.ஐ. என்று போட்டிருக்கும். வால்வுக்குச் சற்று முன்னால் ரத்தம் போகும் வேகத்தை, வால்வுக்குள் போகும் வேகத்தால் வகுத்தால் வருவது. வாசல் சுருங்கினால் உள்ளே மட்டும் வேகம் ஏறும், விகிதம் விழுந்துவிடும். கூட்டம் கூடினால் முன்னாலும் உள்ளேயும் சேர்ந்து ஏறும், விகிதம் அப்படியே நிற்கும். 0.30-ம் அதற்கு மேலும் நல்லது; 0.25-க்குக் கீழே போனால் அடைப்பைத் தேட வேண்டும்.

அக்காவுக்கு அப்போது முன்னால் 0.95, உள்ளே 2.6. இப்போது முன்னால் 1.13, உள்ளே 3.1. வகுத்துப் பாருங்கள். இரண்டு தடவையும் 0.36. வாசல் அசையவே இல்லை. ரத்தம் உச்ச வேகத்தை எட்ட எடுத்துக்கொண்ட நேரம் 72 மில்லிசெகண்ட் என்று இருக்கிறது. அடைப்பு இருந்தால் அது 100-ஐத் தாண்டி இழுத்துக்கொண்டு போகும். 22 என்பது 20-க்கும் 35-க்கும் நடுவே, ‘கொஞ்சம் விசாரி’ என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. விசாரித்தால் வால்வு தப்பித்துவிடுகிறது.

அப்படியென்றால் கூட்டம் ஏன் கூடியது? ரிப்போர்ட்டின் தலையில் நாடித்துடிப்பு 102 என்று போட்டிருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் 76. எடை ஏறியது ஒரு பங்கு. அது மட்டும் இவ்வளவு செய்யாது. 44 வயதுப் பெண், ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறவர், சோர்வு, மூச்சு வாங்கல், வேகமான நாடி. எனக்கு முதலில் தோன்றுவது ரத்தசோகை. இந்த மாத்திரை சாப்பிடும் பெண்களில் பலருக்கு மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போகும். ‘எல்லாருக்கும் இருப்பதுதானே’ என்று யாரிடமும் சொல்ல மாட்டார்கள். ஹீமோகுளோபின் குறைந்தால், அதே ஆக்சிஜனைக் கொண்டுபோக இதயம் அதிக ரத்தத்தை வேகமாகச் சுற்றவிட வேண்டும். கிரேடியன்ட் ஏறிவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆசிரியை இப்படித்தான் வந்தார். கிரேடியன்ட் 29. இன்னோர் இடத்தில் ‘வால்வு அடைத்துவிட்டது, மறு ஆபரேஷன்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேஜையில் படுக்க வைத்தபோது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். ஜெல் துடைக்கக் கொடுத்த வெள்ளைத் துணிக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஹீமோகுளோபின் 6.8. கர்ப்பப்பையில் கட்டி. அதற்கு வைத்தியம் பார்த்து, இரும்புச்சத்து ஏற்றி, நான்கு மாதம் கழித்து அதே கருவியில் பார்த்தபோது கிரேடியன்ட் 18. வால்வை யாரும் தொடவே இல்லை.

அதனால் இந்த வாரமே ஹீமோகுளோபின், இரும்புச்சத்து அளவு, தைராய்டு, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) நான்கையும் பாருங்கள். அக்காவுக்கு வேறு சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் அயோர்ட்டிக் மெட்டல் வால்வுக்கு ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவே இருப்பது வழக்கம். அவருடைய மருத்துவர் சொன்ன எல்லை வேறாக இருந்தால் அதுதான் கணக்கு. மாதவிலக்கு பற்றி நீங்கள் கேட்கத் தயங்குவீர்கள். உங்கள் மனைவியோ அம்மாவோ கேட்கட்டும்: எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா. ரத்தப்போக்கு அதிகம் என்று தெரிந்ததும் பயத்தில் அசிட்ரோமை நிறுத்திவிட வேண்டாம். மகளிர் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசிக்கொண்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். மெட்டல் வால்வு உள்ளவர்களிடம் அவற்றில் இரண்டைச் சோதித்துப் பார்த்து, ஒன்றை 2012-லும் இன்னொன்றை 2022-லும் பாதியிலேயே நிறுத்த வேண்டிவந்தது.

ரத்தம் எல்லாம் சரியாக இருந்து, மூச்சு வாங்கல் மட்டும் நீடித்தால் அடுத்த கட்டம். மற்ற மெட்டல் வால்வுகளை எக்ஸ்ரே திரையில் பார்த்தாலே கதவுகள் திறந்து மூடுவது தெரிந்துவிடும். அக்காவின் வால்வில் தட்டு பிளாஸ்டிக் என்பதால் திரையில் கூடு மட்டும்தான் தெரியும், தட்டு தெரியாது. அதனால் தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் எக்கோதான் கேட்க வேண்டும். இது தெரியாமல் ‘ஃப்ளோரோஸ்கோப்பியில் தட்டே இல்லை’ என்று பதறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத சில நிலைமைகள் உண்டு: படுத்தால் மூச்சு முட்டுவது, மயக்கம், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, காரணம் தெரியாத காய்ச்சல், வழக்கமாக அக்காவின் காதுக்குக் கேட்கும் அந்த மெல்லிய சத்தம் திடீரென்று மங்குவது. இதில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்த எக்கோவை ரத்தம் சரியான பிறகு, முடிந்தால் அதே இடத்தில், அதே ஆளிடம் எடுங்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று மூன்று மாடி ஏறிப்போய் உடனே படுக்க வேண்டாம்; கால் மணி நேரம் உட்கார்ந்து, நாடி அடங்கட்டும். வால்வு அட்டை, இரண்டாவது மாத ரிப்போர்ட், இப்போதைய ரிப்போர்ட் மூன்றையும் கையில் கொண்டுபோய், எக்கோ எடுப்பவரிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். எடுத்து முடித்த பிறகு கொடுத்தால் அவர் எண்களைத் திரும்பப் பார்க்க மாட்டார். ஹீமோகுளோபின் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அட்டவணையில் மற்ற மூவரின் இடத்தில் இனி அக்காவின் தேதிகளையே போடுங்கள்.